நிலாவெளிக் காணியை விற்று ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடமாகப் பாக்கின்சன் நோய். திருகோணமலை வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். குளிசை வேலை செய்யும் நேரம் நன்றாக நடப்பார். இடையில் திடீரென்று கேற்றடியில் கால் எழும்பாமல் நின்றுவிடுவார். ஸ்டெம் செல்லில் இருந்து மூளை நரம்புக் கலங்களைச் செய்துவிட்டார்கள், நோயாளிகளுக்கு வைத்தும் பார்த்துவிட்டார்கள் என்று கனடாவில் இருக்கும் அண்ணா செய்தி அனுப்பினார். அதைப் பற்றி விசாரித்தபோது ஒரு முகவர் தொடர்பு கிடைத்தது. இந்தியாவில் ஒரு தனியார் நிலையத்தில் மூன்று ஊசி, இந்தியக் காசில் 9 லட்சம் என்கிறார். அப்பாவின் எலும்பு மச்சையில் இருந்தே எடுத்து அன்றைக்கே முள்ளந்தண்டில் ஏற்றிவிடுவார்களாம். மட்டக்களப்பில் ஒருவர் போய்வந்து நன்றாக நடக்கிறாராம். நிலாவெளிக் காணியை விற்கலாம் என்று அம்மா நிற்கிறார். அப்பாவோ, “எனக்கு ஒன்றும் வேண்டாம், காணி பிள்ளைகளுக்கு இருக்கட்டும்” என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
— ஒரு மகள், உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காணியை விற்க வேண்டாம். முகவரிடம் முற்பணம் கேட்டால் அதையும் கொடுக்க வேண்டாம். காரணத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

அண்ணா அனுப்பிய செய்தியில் பொய் இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் இருக்கிற பொருளும் முகவர் விற்கிற பொருளும் பெயரில் மட்டும்தான் ஒன்று. இது விளங்க வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். நரம்பியல் படித்த காலத்தில் அப்படியொரு கூடத்தில் கொஞ்சக் காலம் நின்றவன் என்பதால், அந்தப் பகுதியைச் சற்று நீட்டித்தான் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் குழுவினர், சில நாள் வயதான மனித முளையத்தில் இருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். உடம்பின் எந்தக் கலமாகவும் மாறக்கூடியவை அவை. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, எலியின் சாதாரணக் கலங்களில் நான்கு மரபணுக்களை ஏற்றி, அவற்றை முளையக் கலத்தின் நிலைக்கே திருப்பிக் காட்டினார். அடுத்த வருடம் மனிதக் கலத்திலும் அது முடிந்தது. 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இதற்காகத்தான். அதற்குப் பிறகு முளையம் இல்லாமலே, தோலில் இருந்தோ குருதியில் இருந்தோ ஸ்டெம் செல் செய்யலாம் என்றாயிற்று.

எதுவாகவும் மாறும் என்பது கேட்க நல்லாயிருக்கிறது. தொல்லையும் அதில்தான் இருக்கிறது. அந்தக் கலங்களைத் தம்பாட்டில் விட்டால் கொஞ்சம் நரம்பு, கொஞ்சம் குடல், ஒரு மூலையில் துடிக்கும் இதயக் கலம் என்று கலந்து வளரும். அப்படியே உடம்பில் ஏற்றினால் முடியும் பல்லும் குருத்தெலும்பும் கலந்த கட்டியாகக்கூட மாறிவிடும். ஆகவே வழி காட்டித்தான் வளர்க்க வேண்டும். 2009இல் நியூயோர்க்கில் லோரன்ஸ் ஸ்டூடரின் கூடம், கலத்துக்குள் போகும் இரண்டு சமிக்ஞைகளை மருந்தால் அடைத்தால் பெரும்பாலானவை நரம்புத் திசுவின் பக்கம் திரும்பிவிடுகின்றன என்று காட்டியது. இன்றைக்கு உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் அநேகமாக அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நரம்புக் கலம் வந்துவிட்டது, சரி. ஆனால் எந்த நரம்புக் கலம்? மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு முக்கியமாகக் குறைந்திருப்பது நடுமூளையின் அடியில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் ஒரு சிறு கூட்டம். எல்லாம் சேர்த்தாலும் சில லட்சம்தான் இருக்கும். வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளையில், ஒரு கலம் மேலே இருக்கிறதா அடியில் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அது என்ன ஆகும் என்று தீர்மானமாகிறது. அந்த இடத்துக்குரிய சமிக்ஞைகளை ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மருந்தாகக் கொடுக்கிறோம். அளவு கொஞ்சம் கூடினால் பின்மூளைக் கலம், கொஞ்சம் குறைந்தால் முன்மூளைக் கலம். இரண்டும் நல்ல நரம்புக் கலங்கள்தான், ஆனால் உங்கள் அப்பாவுக்குப் பிரயோசனம் இல்லை. 2011இல்தான் ஸ்டூடர் குழு இதற்கு நம்பத்தகுந்த ஒரு செய்முறையை எழுதி, எலிகளிலும் குரங்குகளிலும் வைத்துக் காட்டியது.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், நாளாந்தம் செய்வதெல்லாம் திரவம் மாற்றுவதுதான். 37 பாகை செல்சியஸில் ஒரு பெட்டி, அதற்குள் தட்டுகள், தட்டில் இளஞ்சிவப்புத் திரவம். கலங்கள் சாப்பிட்டுக் கழிவை விட, அது மஞ்சளாகத் திரும்பும். மஞ்சளாகும் முன்பே மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் மாற்ற வேண்டும், தீபாவளியன்றும் மாற்ற வேண்டும். முதல் நாட்களில் நுணுக்குக்காட்டியில் தட்டையான, நெருக்கமான கூட்டங்கள் தெரியும். இரண்டாவது கிழமையளவில் அவை சிறு வட்டங்களாக ஒழுங்குபடும். அதற்கும் பிறகுதான் மெல்லிய நார்கள் நீளத் தொடங்கும். மனித நரம்புக் கலம் முதிர மாதக்கணக்கு எடுக்கும். தாயின் வயிற்றில் எடுக்கும் காலத்தைத் தட்டிலும் எடுத்துக்கொள்கிறது, அவசரப்படுத்த முடிவதில்லை. “அன்றைக்கே எடுத்து அன்றைக்கே ஏற்றுவோம்” என்று யாராவது சொன்னால் இந்தப் பெட்டியையும் கிழமைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகவர் எலும்பு மச்சை என்கிறார். 2000ஆம் ஆண்டையொட்டி, எலும்பு மச்சையில் இருந்து எடுத்த கலங்களில் சில இரசாயனங்களை ஊற்றினால் சில மணி நேரத்தில் நரம்புக் கலமாகிவிடுகின்றன என்று ஆய்வுக்கட்டுரைகள் வந்தன. பெரிய பரபரப்பு. 2004இல் கலிபோர்னியாவில் ஒரு குழு அதை ஆறுதலாகத் திருப்பிப் பார்த்தது. அந்த இரசாயனங்களுக்குப் பதிலாகச் சவர்க்காரம் போன்ற பொருளை ஊற்றினாலும், உப்பைக் கூட்டினாலும், அதே கலங்கள் அதே மாதிரி நார் நீட்டியதாகத் தெரிந்தன. நார் எதுவும் நீளவில்லை. தாக்கம் தாங்காமல் கலம் சுருங்க, ஒட்டியிருந்த ஓரங்கள் மட்டும் மிஞ்சி நார்போலத் தெரிந்தன. அந்தப் பழைய கதையைத்தான் இன்றைக்கும் பல நிலையங்கள் பளபளப்பான தாளில் அச்சடித்து வைத்திருக்கின்றன. எலும்பு மச்சைக்கு மருத்துவத்தில் பெரிய இடம் உண்டு. குருதிப் புற்றுநோயில் அது உயிர் காக்கிறது. ஆனால் அது மூளைக்குள் போய் டோபமைன் நரம்புக் கலமாக மாறி நிற்பதை ஒருவரும் நிரூபித்ததில்லை.

அப்படியென்றால் உண்மையான நரம்புக் கலம் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? மின்சாரத்தால். தலைமுடியைவிடப் பலமடங்கு நுண்ணிய நுனியுள்ள கண்ணாடிக் குழாயை ஒரே ஒரு கலத்தின் மேல் ஒட்டவைத்து, அது கணத்தாக்கம் என்ற சிறு மின் அடிப்பை எழுப்புகிறதா என்று பார்ப்பார்கள். டோபமைன் கலத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு: யாரும் தூண்டாமலே செக்கனுக்கு இரண்டு, மூன்று தடவை நிதானமாக அடித்துக்கொண்டிருக்கும். திரையில் அந்த அடிப்பு வரிசையாக ஓடுவதை முதல்முறை பார்த்தபோது நான் எழும்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதோடும் விடுவதில்லை. தட்டில் அடித்தால் போதுமா, மூளைக்குள் போய் வேலை செய்ய வேண்டாமா? 2015இல் வந்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒளி பட்டால் கலத்தை அடக்கும் ஒரு புரதத்தை, மனித ஸ்டெம் செல்லில் இருந்து செய்த டோபமைன் கலங்களுக்குள் முன்கூட்டியே வைத்தார்கள். பாக்கின்சன் போன்ற குறைபாடு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அந்தக் கலங்களை வைத்தார்கள். சில மாதங்களில் எலிகளின் நடமாட்டம் தேறியது. பிறகு மூளைக்குள் ஒளியைப் பாய்ச்சினார்கள். குறைபாடு திரும்பி வந்தது. ஒளியை நிறுத்த, எலி பழையபடி தேறியது. அதாவது எலியை நடக்கவைத்தது அந்தக் கலங்கள்தான், வேறெதுவும் இல்லை. இந்த அளவுக்குக் குடைந்து பார்த்த பிறகுதான் மனிதருக்குக் கொண்டுவந்தார்கள்.

மனிதரில் நடந்ததைச் சொல்கிறேன். கியோட்டோவில் ஜுன் தகஹாஷியின் குழு 2018இல் தொடங்கியது. 50 முதல் 69 வயது வரையான ஏழு பேர். இரண்டு வருடம் பார்த்தார்கள். கடுமையான பாதிப்பு ஒன்றும் இல்லை, கட்டி வளரவில்லை. பலன் அளவிடப்பட்ட ஆறு பேரில் நான்கு பேருக்கு, மருந்து எடுக்காத நேரத்திலும் உடல் இயக்கம் முன்பைவிட நல்லது. மூளை ஸ்கேனிலும் டோபமைன் உற்பத்தி கூடியிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னொரு குழு முளைய ஸ்டெம் செல்லில் இருந்து செய்த கலங்களைப் பன்னிரண்டு பேருக்கு வைத்தது. அதிலும் 18 மாதத்தில் பெரிய ஆபத்து வரவில்லை. இரண்டு முடிவுகளும் 2025 ஏப்ரலில் ஒன்றாக வெளிவந்தன. அண்ணா பார்த்தது அநேகமாக இதுவாக இருக்கும்.

அந்தக் கலங்களை ஊசியாகக் கையிலோ முள்ளந்தண்டிலோ போடவில்லை என்பதைக் கவனியுங்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஸ்கேன் பார்த்து இடம் குறித்து, மூளையின் ஆழத்தில் டோபமைன் தேவைப்படுகிற இடத்திலேயே வைத்தார்கள். கலங்கள் இயல்பாக இருக்கும் இடம் நடுமூளை. ஆனால் அங்கே வைத்தால் நார் அவ்வளவு தூரம் நீண்டு வந்து சேராது. முதிர்ந்த கலத்தையும் வைப்பதில்லை. மிளகாய்க் கன்றை அதற்குரிய வயதில் பிடுங்கி நட்டால்தான் பிடிக்கும். பூத்த செடியைப் பிடுங்கி நட்டால் வேர் அறுந்து வாடிவிடும். அதேபோல இளம் பருவத்திலேயே வைத்து, மூளைக்குள்ளேயே முதிர விடுகிறார்கள். பிறருடைய கலம் என்பதால், உடம்பு அதைத் தள்ளிவிடாதபடி ஒரு வருடமோ அதற்கு மேலோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தும் எடுக்க வேண்டும்.

முள்ளந்தண்டு நீரில் ஏற்றினால் கலம் மூளையின் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேராது. நாளத்தில் ஏற்றினால் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் சிக்கிக்கொள்ளும்.

சரி, உண்மையான சிகிச்சை கிடைத்தால் அப்பா முழுக்கச் சுகமாகிவிடுவாரா? அவசரப்பட்டு நம்பவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏழு பேர், பன்னிரண்டு பேர் என்பது ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கும் கட்டம். இப்போது சுமார் 100 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்கு மண்டையோட்டில் அடையாளம் மட்டும் இட்டுக் கலம் வைக்காமல் விட்டு ஒப்பிடும் பெரிய ஆய்வு நடக்கிறது. அப்படி ஒப்பிடாமல் விட முடியாது. 2001இல் கருச்சிதைவுத் திசுவை வைத்து 40 பேரில் செய்த ஆய்வில், வயது குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தாலும், சிலருக்கு மருந்தை நிறுத்தினாலும் நிற்காத முறுக்கு அசைவுகள் வந்துவிட்டன. பிறகு 2008இல், பத்து வருடங்களுக்கு மேலாக மூளையில் இருந்த ஒட்டுக் கலங்களிலேயே பாக்கின்சனின் அடையாளம் தெரிந்தது. புதுக் கலத்துக்கும் நோய் பிடிக்கலாம். மலச்சிக்கல், எழும்பும்போது தலைசுற்றல், நித்திரையில் கத்துவது, ஞாபகக் குறைவு போன்றவை டோபமைனை மட்டும் நம்பியவை அல்ல என்பதால், கலம் வைத்தாலும் அவை அப்படியே நிற்கக்கூடும்.

இனி முகவர். கலம் எங்கிருந்து, எந்த இடத்தில் வைப்பது, ஆய்வுப் பதிவு இலக்கம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல் தெளிவானது: குருதி சம்பந்தமான நோய்களுக்குச் செய்யும் மச்சை மாற்றம் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே மனிதருக்குக் கொடுக்கலாம். ஒழுங்கான ஆய்வில் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. 9 லட்சம் கேட்கிறார்கள் என்ற ஒன்றே உங்களுக்குப் போதிய பதில்.

“சொந்தக் கலம்தானே, பலன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லையே” என்று அம்மா கேட்கலாம். முள்ளந்தண்டில் ஊசி ஏற்றும்போது கிருமி போனால் மூளைக்காய்ச்சல் வரும். வேறு நிலையங்களில் பிறரின் கலத்தை ஏற்றிக்கொண்டவர்களின் கதை இன்னும் மோசம். மொஸ்கோவில் கரு நரம்பு ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்ட ஒரு சிறுவனுக்கு நான்கு வருடம் கழித்து மூளையில் கட்டி வந்தது. சோதித்தபோது அது கொடையாளியின் கலங்களில் இருந்து வளர்ந்தது என்று 2009இல் எழுதினார்கள். என்ன கலம் என்று எழுத்தில் தராத இடத்தில், அப்பாவுக்கு ஏறப்போவது அவருடைய மச்சைதான் என்பதற்கும் யார் சாட்சி?

மட்டக்களப்பில் நடக்கிறவரைப் பற்றி. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். பாக்கின்சனில் நம்பிக்கையே மருந்தாக வேலை செய்வதுண்டு. வெறும் உப்புநீர் ஊசியை மருந்தென்று நம்பிப் போட்டுக்கொண்டவர்களின் மூளையில் உண்மையாகவே டோபமைன் சுரந்ததை 2001இல் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு காசு கொட்டினோமோ அவ்வளவு நம்பிக்கையும் கூடும். ஆறு மாதம் கழித்து அவரை ஒருதரம் விசாரித்துப் பாருங்கள்.

காசில்லாமல் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. அப்பாவின் நிலை ஏறி இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். குளிசை எடுக்கும் நேரமும் சாப்பாடும் இதில் பெரிய பங்கு வகிக்கும். பாக்கின்சன் குளிசையில் இருக்கும் முக்கிய மருந்தான லெவோடோப்பாவும், சாப்பாட்டில் இருக்கும் புரதமும் குடலில் ஒரே வழியால்தான் உள்ளே போகின்றன. பருப்பு, முட்டை, மீன் குழம்போடு சாப்பிட்டு, அதன்மேல் குளிசையையும் போட்டால் மருந்து பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, தண்ணீரோடு கொடுங்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். மீனை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு பகலில் மீன் வேண்டாமென்று சொல்வது கொடுமைதான், என்றாலும் இரண்டு கிழமை செய்து பார்க்கலாம். மலச்சிக்கலையும் கவனியுங்கள், வயிறு மந்தமானால் மருந்தும் மந்தம்.

தலைசுற்று, வாந்தி என்று பார்மசியில் தானாக வாங்கிக் கொடுக்கும் குளிசைகளில் சில பாக்கின்சனைக் கூட்டிவிடும். புரோகுளோர்பெராசின், மெட்டோகுளோபிரமைட், சினரிசின் இந்த வகை. வீட்டு மருந்துப் பெட்டியில் இவை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிளினிக் டொக்டரிடம் காட்டுங்கள். லெவோடோப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தக்கூடாது.

கேற்றடியில் நின்றுவிடும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிலத்தில் குறுக்காகக் கோடுகள் போட்டு, கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். பலருக்குக் கால் எழும்பிவிடும். ஒரு கொப்பியில் மூன்று நாளைக்கு, குளிசை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், நன்றாக நடந்த நேரம், நின்றுபோன நேரம் இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள். அந்தக் கொப்பியைப் பார்த்து நரம்பியல் நிபுணர் அளவையும் இடைவெளியையும் மாற்றுவார். தேவையென்றால் ஆழ்மூளைத் தூண்டல் சத்திரசிகிச்சைக்கு அப்பா பொருத்தமா என்றும் சொல்வார். மூளையில் மின்முனை வைக்கும் அந்த முறை பல வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் அண்ணா அதற்கு வைத்திருக்கட்டும்.

கடைசியாக, “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று அப்பா சொன்னது. காணியைப் பற்றி அவர் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அதைச் சொல்கிற குரல் எப்படியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பாக்கின்சன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மிகச் சாதாரணம். நோயைப் பற்றிய கவலையால் மட்டும் வருவதல்ல, நோயின் ஒரு பகுதியாகவே வருவது. சில பேருக்கு நடுக்கத்துக்கு முன்பே வந்துவிடும். முன்பு விருப்பமாகச் செய்ததை விட்டுவிட்டாரா, விடிய முன்பே எழும்பிக் குந்தியிருக்கிறாரா, கூட்டாளிமார் வந்தாலும் பேசாமல் இருக்கிறாரா? அப்படியென்றால் அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அவரை வெளி வாங்கில் இருத்திவிட்டு உள்ளே போய்ச் சொல்லாதீர்கள், பக்கத்தில் வைத்தே சொல்லுங்கள். அதற்குக் குளிசை இருக்கிறது. ஆனால் பாக்கின்சன் மருந்துகள் சிலவற்றோடு ஒத்துப்போகாத குளிசைகளும் இருக்கின்றன. அதனால் கடையில் கேட்டு வாங்காமல், அவர் இப்போது எடுக்கும் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.